மாடி அறைக்கு ஆள் வந்தாச்சு

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கிறது. இடது முட்டியைத் தவிர நான் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது.

போன்ல பேசினா என்னவாம்னு நீ முணுமுணுக்கிறது இங்கேயே கேக்குது. முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல அடுத்தவங்க பேச்சையெல்லாம் காதுல வாங்கினவ நான். ரிட்டயர் ஆன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே போன் அவசரத்துக்கு மட்டும்தான். அதுவும் போக, நாம ரெண்டு பேரும் போன்ல பேசினா மூணாவது நிமிஷமே சண்டை. கடுதாசின்னா திட்டு வந்து சேர ஒரு வாரம் ஆகும், அதுக்குள்ள கோபம் ஆறிடும்.

விஷயத்துக்கு வரேன். போன மாசம் ஹால் ஃபேனைத் துடைக்க ஏணியில ஏறினேன். ஏணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரெண்டு மணி நேரம் தரையிலேயே கிடந்தேன். பக்கத்து வீட்டு தையல்காரம்மா ஊசி கேக்க வந்து பார்த்ததால பிழைச்சேன். என் பொண்ணு, உன் மருமக, ஓடி வந்தா, அழுதா, அழுது முடிச்சதும் உத்தரவு போட்டா. ஜூன் முடியிறதுக்குள்ள மாடி அறைக்கு ஒரு ஆள் குடி வரணுமாம். இல்லேன்னா வீட்டை வித்துட்டு நான் அவளோட போயிடணுமாம். வலியில சரின்னு தலையாட்டிட்டேன். எலி வளைன்னாலும் தனி வளை வேணும்டா எனக்கு.

கேட்ல போர்டு மாட்டினா போறவன் வர்றவனெல்லாம் மணி அடிப்பான். நீதான் பெரிய வெப்சைட் டிசைனராச்சே, இந்த அறைக்கு ஒரு பக்கம் போட்டுக் கொடு. என் வீட்டு நம்பரைப் பெருசா போடு. இந்த மாடிப்படியை மிதிக்க மாட்டேன்னு நீ சொல்லிட்டுப் போய் பதினோரு வருஷம் ஆச்சு. உன்னை மிதிக்கச் சொல்லல, மிதிக்கிறதுக்கு ஆள் பிடிச்சுத் தரச் சொல்றேன்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். முட்டிக்கு டாக்டர்கிட்ட போனியா, இல்ல தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கியா?

வெப்சைட் ஒரு வாரத்து வேலை. செலவு எதுவும் வேண்டாம், வெப்சைட் வெக்கிற இடமெல்லாம் என்கிட்டயே இருக்கு. தையல்காரம்மாவை அறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு. பகல்ல எடுக்கட்டும்.

சில விவரம் வேணும். கிழக்கு ஜன்னல் இன்னும் முழுசா திறக்குதா? காலையில வெயில் எது வரைக்கும் உள்ள வருது? மேஜை போட்டா ஜன்னல் இடது கைப்பக்கம் வருமா? பக்கத்துல ப்ளக் பாயிண்ட் எத்தனை? தண்ணித் தொட்டி நிரம்புற சத்தம் முன்ன மாதிரியே கேக்குதா?

இதெல்லாம் குடி வர்றவங்க கேப்பாங்க.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. நலம். டாக்டர்கிட்ட போனேன், தைலம்தான் கொடுத்தார், இப்ப என்ன சொல்ற?

படம் வந்திருக்கும். நீ கேட்ட கேள்வியெல்லாம் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிற மாதிரி இருந்துது. வெயில் எது வரைக்கும் வருதுன்னு எவன்டா கேப்பான்? இருந்தாலும் சாக்பீஸ் எடுத்துக்கிட்டுப் போய், எட்டு மணிக்கு ஒரு கோடு, ஒன்பதுக்கு ஒரு கோடு, பத்துக்கு ஒரு கோடு போட்டேன். பத்து மணிக் கோடு அலமாரியைத் தொடுது. எழுதிக்கோ.

அறையை நானே சீர் பண்றேன். கொத்தனார் சொன்ன கூலியைக் கேட்டு முட்டி வலியே மறந்து போச்சு. சுவர் விரிசலுக்கு நானே பூச்சு பூசினேன். முதல் தடவை பூசினது மறுநாள் காலையில மொத்தமா தரையில கிடந்துது. ரெண்டாவது தடவை நின்னுது. பெயிண்ட் கடையில யாரோ ஆர்டர் கொடுத்துட்டு, நிறம் பிடிக்கலேன்னு திருப்பிக் கொடுத்த டப்பா நாலு, பாதி விலைக்கு வாங்கினேன். பச்சைன்னும் சொல்ல முடியல, சாம்பல்னும் சொல்ல முடியல. மூடிப் போன மருந்துக் கடையோட கவுண்டர் பலகையை எடைக்கு வாங்கி மேஜையாக்கிட்டேன். ப்ளக் பாயிண்ட் ஒண்ணுதான் இருந்துது, எலக்ட்ரீஷியன் வந்து இன்னும் மூணு வெச்சார். மிச்சம் பிடிச்ச காசெல்லாம் அதுல போச்சு.

உனக்கு ஆபீஸ் எப்படிப் போகுது? ஒரு வரி எழுதலையே.

அன்புடன்,
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ ஏணி பக்கம் போகாம இருந்தா நீயும் நலம்.

வெப்சைட் போட்டாச்சு. தையல்காரம்மா போன்ல பார்க்கலாம். முதல்ல ஜன்னல் படம், கீழே மேஜை, அதுக்குக் கீழே ரெண்டு வரி. மத்த இடத்தைச் சும்மா விட்டிருக்கேன். சும்மா விட்ட இடம்தான் கண்ணுக்கு ஓய்வு. நாலு நாள்ல நூத்து அறுபத்து மூணு பேர் பார்த்திருக்காங்க.

மேஜை உயரம் எவ்வளவுன்னு நீ எழுதல. இருபத்தொன்பது அங்குலம் இருந்தா உத்தமம். உயரமானவங்க முட்டி இடிக்காது. அந்தச் சுவர் நிறம் படத்துல ரொம்ப நல்லா இருக்குக்கா. மாத்திடாதே.

அன்புடன்,
தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. நலம்னு எழுதுறது வழக்கம், அதனால நலம்.

நீ எழுதி பத்தொன்பது நாளாச்சு. ஒரு போன் வரல. ஒரே ஒரு தடவை மணி அடிச்சுது, பாய்ஞ்சு எடுத்தேன், பல் டாக்டரான்னு கேட்டான். லைன் செத்துப் போச்சோன்னு தினம் காலையில தையல்காரம்மா வீட்டுக்குப் போய் அங்கிருந்து என் நம்பருக்கு அடிச்சுட்டு, வாசல்ல நின்னு காது கொடுத்துக் கேக்கறேன். கணீர்னு அடிக்குது. அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறா.

வெப்சைட்டையும் பார்த்தேன். அழகாத்தான் இருக்கு. ஆனா பாதிக்கு மேல வெறும் வெள்ளை. இவ்வளவு இடம் கிடக்கே, அதுல என் நம்பரைப் போட்டா குறைஞ்சா போயிடுவ? நம்பரே கண்ணுல படலையே?

நூத்து அறுபத்து மூணு பேர் பார்த்தாங்களே, ஒருத்தருக்குமா வாய் இல்ல? கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்குடா எனக்கு. மேஜை இருபத்தெட்டே கால். அடியில கட்டை வெச்சு இருபத்தொன்பது ஆக்கிட்டேன். ஏன் ஆக்கினேன்னு எனக்கே தெரியல.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாயிடுச்சு, மன்னிச்சுக்கோ. உடம்புக்கு ஒண்ணுமில்ல.

இப்பல்லாம் நம்பரை எழுத்துல போடுறதில்லக்கா. ‘அழைக்க’ன்னு கீழே ஒரு பட்டன் இருக்கு பாரு, அதைத் தொட்டா தானா போகும். அதுல ஒரு கோளாறும் இல்ல. வெயில் காலம், ஜனங்க வீடு மாறுறது குறைவு. எழுத்தோட வடிவத்தை மாத்திப் பார்க்கிறேன். பட்டனுக்கு வேற நிறம் கொடுக்கிறேன். மனுஷங்க எதைப் பார்த்து எதைத் தொடுவாங்கன்னு இத்தனை வருஷம் இதே வேலை பார்த்தும் எனக்குப் பிடிபடல.

வாடகையைக் குறைச்சுடாதே. அவசரப்படாதே. அவசரத்துல வர்றவங்க சரியா இருக்க மாட்டாங்க.

ஆபீஸ் பத்திக் கேட்டிருந்தே. அது அப்படியே இருக்கு.

அன்புடன்,
தம்பி


மே 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கிறது. சௌக்கியம் கேக்கிற மனநிலையில நான் இல்ல, தப்பா எடுத்துக்காதே.

நேத்து உன் மருமக ஒரு புரோக்கரைக் கூட்டிக்கிட்டு வந்தா. மரியாதையான ஆள்தான், செருப்பை வெளியே விட்டுட்டு வந்தார். ஹாலை அளந்தார், சமையலறையை அளந்தார். மாடிக்குப் போய், நான் பூசின சுவரைத் தட்டிப் பார்த்துட்டு, “நல்லா பண்ணியிருக்கீங்கம்மா, ஆனா வாங்குறவங்க இடிச்சுட்டுத்தான் கட்டுவாங்க”ன்னார். நான் காபி கலக்கிற சாக்குல சமையலறைக்கு வந்துட்டேன். டம்ளர்ல ஊத்தினதுல பாதி கீழே போச்சு.

அவளும் கெட்ட எண்ணத்துல செய்யல. “அம்மா, அடுத்த தடவை நீ விழுந்தா ஊசி கேக்க யாரும் வரலேன்னா?”ன்னு கேட்டா.

எனக்குப் பயமா இருக்குடா. அவ வீட்டுல எனக்கு ஒரு கட்டில் இருக்கும், நல்லாவே பார்த்துப்பா. ஆனா அங்கே நான் சுவர்ல ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட மாப்பிள்ளைகிட்ட கேக்கணும். இந்த வீடு போச்சுன்னா நான் ஒரு விருந்தாளி, சாகிற வரைக்கும் விருந்தாளி.

உன்னை நேரா கேக்கறேன். அந்த வெப்சைட்டுல என்னதான் நடக்குது? புரியிற மாதிரி எழுது.

அக்கா


மே 29

தம்பிக்கு,

மூணு வாரமாச்சு, பதில் இல்ல. கிணத்துல போட்ட கல்லா கிடக்குது என் கடுதாசி. உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒரே வரி, இருக்கேன்னு எழுது போதும்.

நாளைக்குக் கேட்ல அட்டை கட்டப் போறேன். எவன் வேணா மணி அடிக்கட்டும்.

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

இதை நீ கோபமாத்தான் படிப்ப. படி. நடுவுல மடிச்சு வெச்சுடாதே.

அந்த பட்டன் உன் வீட்டுக்குப் போகல. என் போனுக்கு வருது. முதல்ல நல்ல எண்ணத்துலதான் செஞ்சேன். கண்டவன் கூப்பிட்டு உன்னைத் தொந்தரவு பண்ணுவான், நான் பேசிப் பார்த்து நல்ல ஆளா உனக்கு அனுப்பலாம்னு. மார்ச் அஞ்சாம் தேதி முதல் ஆள் கூப்பிட்டார். பேங்க்ல வேலை, பேச்சு நிதானமா இருந்துது. “அறை இருக்கா சார்?”ன்னு கேட்டார். எதிர்ல கம்ப்யூட்டர்ல உன் மேஜைப் படம் திறந்திருந்துது. “ஆள் வந்தாச்சுங்க”ன்னு சொல்லிட்டேன். சொல்லி முடிச்சதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. ஏன் சொன்னேன்? யாரு வந்தாச்சு? அடுத்தவங்களுக்காவது உண்மையைச் சொல்லணும்னு நெனச்சேன். அடுத்தவங்களுக்கும் அதேதான் வாயில வந்துது. பதினாலு பேர், அக்கா. எல்லார் பேரையும் நம்பரையும் எழுதி வெச்சிருக்கேன்.

எனக்கு வேலை போய் ஏழு மாசம் ஆச்சு. நாங்க எட்டு பேர் ஒரு வாரம் செய்யிற வெப்சைட்டை இப்ப ஏதோ ஒரு ஏ.ஐ. புரோகிராம் பத்து நிமிஷத்துல செஞ்சு கொடுக்குது. முதலாளி நல்லவர், கண்ணு கலங்கித்தான் அனுப்பினார். சேர்த்து வெச்சதுல ஓட்டிக்கிட்டிருக்கேன். உன்னோடதுதான் அதுக்கப்புறம் நான் செஞ்ச ஒரே வெப்சைட். இந்த ஊர்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்ல.

நான் வீட்டை விட்டுப் போன அன்னிக்கு அத்தான், “ராத்திரி பகலா எழுத்து வரைஞ்சுக்கிட்டு, இது ஒரு பொழப்பா?”ன்னு கேட்டப்ப எனக்கு வந்த ரோஷம் உனக்குத் தெரியும். அவர் தவறினப்பகூட வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். பிழைச்சுக் காட்டுறேன்னு போனவன், பிழைக்கலேன்னு எப்படி வந்து நிக்கிறது? அக்கா, அந்த அறையை எனக்குக் கொடுன்னு கேக்க நாக்கு எழல. அதனாலதான் வெயிலைக் கேட்டேன், மேஜையைக் கேட்டேன், ப்ளக்கைக் கேட்டேன்.

புரோக்கர் அளந்துட்டுப் போனார்னு நீ எழுதினதைப் படிச்சப்பதான் நான் என்ன செஞ்சுக்கிட்டிருக்கேன்னு உறைச்சுது. நாலு கடுதாசி எழுதிக் கிழிச்சேன். நேத்து சாயங்காலம் ஒரு கால். வழக்கம் போல உளறினேன். அந்தப் பக்கம் யாரும் பேசல. பின்னாடி தண்ணித் தொட்டி நிரம்பி வழியிற சத்தம் கேட்டுது. அதுக்கப்புறம் என்னால கிழிக்க முடியல.

பட்டனை இன்னிக்கு உன் நம்பருக்கு மாத்திட்டேன். அதைச் சொல்லவே வெக்கமா இருக்கு.

தம்பி


ஜூன் 8

தம்பின்னு கூப்பிடலாமா வேண்டாமான்னு தெரியல,

அறைக்கு ஆள் வந்தாச்சு. நிஜமாவே வந்தாச்சு.

நேத்து சாயங்காலம் அட்டையைப் பார்த்துட்டு ஒரு நர்ஸ் பொண்ணு வந்துது. வாசல்ல நின்னு வீட்டையே பார்த்துது. “அம்மா, இதை நான் நெட்ல பார்த்தேனே! ரெண்டு வாரம் முன்னாடி கூப்பிட்டேன், ஆள் வந்தாச்சுன்னு ஒருத்தர் சொன்னாரே”ன்னுது. நான் யாருக்கும் சொல்லலையேம்மான்னேன். நம்பாம, அங்கேயே அந்த பட்டனை அமுக்கி, ஸ்பீக்கர்ல போட்டுது. உள்ளே ஹால்ல என் போன் சும்மா கிடந்துது. அந்தப் பொண்ணு கையிலிருந்து உன் குரல் வந்துது.

“சொல்லுங்க”ன்னு ஆரம்பிச்சப்பவே கண்டுபிடிச்சுட்டேன். ஆயிரம் குரலுக்கு நடுவுல ஒரு குரலைப் பிரிச்சு எடுக்கிறதுதான்டா நான் பார்த்த உத்தியோகம். “ஆள் வந்தாச்சுங்க, மன்னிச்சுக்கோங்க.” எவ்வளவு பவ்யம்! அந்தப் பொண்ணு என் மூஞ்சியைப் பார்த்துட்டு போனை அணைச்சுடுச்சு. தண்ணி கொண்டாந்து கொடுத்தது அதுதான், என் வீட்டுச் சமையலறையிலிருந்து எனக்கே.

ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீயும் உன் மருமகளும் பேசி வெச்சுக்கிட்டு செய்யிறீங்களா? அப்பா வீடு, வித்தா உனக்கும் பாதி வருமே, அதுக்கா? அப்படின்னா ஏன் அவ்வளவு அழகா படம் போட்ட? ஏன் என்னை மேஜைக்குக் கட்டை வெக்கச் சொன்ன? ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே மாட்டேங்குது. வேலியே பயிரை மேயும்னு தெரியும், மேய்ஞ்சுக்கிட்டே தண்ணியும் ஊத்துமா?

மாடியை அந்தப் பொண்ணுக்குக் கொடுத்துட்டேன். ஒண்ணாம் தேதிக்கு வருது. சாவியும் கொடுத்தாச்சு. உன் மருமகளுக்கும் சொல்லிட்டேன், அவ புரோக்கரை வேண்டாம்னுட்டா. வீடு நின்னுது. உன்னால இல்ல.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கிறது. ரெண்டு கடுதாசியும் வழியில ஒண்ணையொண்ணு தாண்டிப் போயிருக்கு. என்னோடது உன் கைக்கு வந்திருக்கும். அதுல பாதி பங்குன்னு எழுதினதை அடிச்சுடு. மத்த திட்டெல்லாம் அப்படியே இருக்கட்டும், அது உனக்குச் சேர வேண்டியதுதான்.

உன் கடுதாசியைப் படிக்கிறப்ப அழுகையும் வந்துது, செருப்பைத் தேடவும் தோணுச்சு. பதினாலு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கியேடா! என்னை விருந்தாளியாக்கப் பார்த்துட்டியே! தெரியாமதான் செஞ்சேன்னு நீ சொல்றது எனக்குப் புரியுது, ஆனா மனசு ஆறல. அது ஆற நாளாகும்.

நீ கேட்டிருந்தா உடனே வாடான்னு சொல்லியிருப்பேனான்னு யோசிச்சேன். பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் பிகு பண்ணியிருப்பேன். “இப்பதான் அக்கா ஞாபகம் வந்துதா”ன்னு ஒரு கடுதாசி எழுதியிருப்பேன். நீயும் அதுக்குப் பயந்துதான் கேக்காம இருந்திருப்ப. அந்த மட்டும் தப்பு என் பேர்லயும் இருக்கு.

மாடியைத் திருப்பிக் கேக்க முடியாது. அந்தப் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. அந்தப் பதினாலு பேரையும் கூப்பிட்டு உன் வாயால மன்னிப்பு கேளு, அப்புறம் அந்த வெப்சைட்டை எடுத்துடு.

இன்னொண்ணு. நான் மாடியைப் பூசினேன், பெயிண்ட் அடிச்சேன், பலகை அறுத்தேன்னு பக்கம் பக்கமா எழுதினேனே, கீழே பின்பக்கத்து அறையைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினேனா? அத்தானோட அறை. மூணு வருஷமா பூட்டியே இருக்கு. அவர் பிரிச்சுப் போட்ட ரேடியோ, கடிகாரம், கழட்டின திருகாணி எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு. ஒவ்வொரு தடவையும் சாவியை எடுத்துக்கிட்டுப் போவேன், கதவு கிட்ட போனதும் மாடியில ஏதோ வேலை இருக்கிறதா ஞாபகம் வந்துடும். தனியா அதைத் திறக்க எனக்குத் தைரியமில்லடா. அந்த மனுஷனோட சண்டை போட்டவன் நீதான், நீயே வந்து திற. எதை வெச்சுக்கலாம், எதைத் தூக்கிப் போடலாம்னு ரெண்டு பேரும் பார்ப்போம். காலி பண்ணின இடம் உனக்கு. அங்கே ஜன்னல் மேற்குப் பக்கம்தான், சாயங்கால வெயில் சுள்ளுனு அடிக்கும். பிடிச்சா இரு.

எந்தத் தேதிக்கு வர்றேன்னு பதில் எழுதாதே. எழுத உக்காந்தா நீ கிழிச்சுக் கிழிச்சுப் போடுவ. பஸ் ஏறிடு.

அக்கா